தட்டிக்கு அந்தப் பக்கம்

காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் பேக்கரிப் பாண்காரரின் ஓட்டோ வரும். முதலில் பாட்டு வரும், பிறகு வாசம் வரும், கடைசியாகத்தான் ஓட்டோ வரும். ஓய்வுபெற்று இந்தப் புத்தளம் வீட்டில் தனியாக இருக்கும் எனக்கு, ஒரு நாளில் அவசரமான வேலை என்றால் அந்த ஓட்டோவை மறிப்பது ஒன்றுதான். ஒரு இறாத்தல் பாணும், சீனி தூவிய உருண்டைப் பணிஸ் ஒன்றும் வாங்குவேன். சீனி வியாதிக்காரிக்குப் பணிஸ் எதற்கு என்று கேட்காதீர்கள், நான் அதைத் தின்பதில்லை. இரண்டாகப் பிய்த்து, மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, மதிலில் காகத்துக்கு வைத்துவிடுவேன். ஒருநாள் பாண்காரர் அதைக் கண்டுவிட்டார்.

"ஏன் ரீச்சர், எங்கட பணிஸ் நல்லமில்லையா?" என்று மனம் நொந்து கேட்டார்.

நல்ல பணிஸ்தான். சூடாகவும் இருக்கிறது. அதுதான் எனக்குத் தொந்தரவு என்று அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பிறந்த ஊர் சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கத்தோலிக்கக் கோயில், ஒரு கன்னியர் மடம், இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீட்டு மண்டபம்தான். அதன் நடுவில், தென்னோலை பின்னிய கிடுகுத் தட்டி ஒன்று மறைப்பாக நிற்கும். அந்தப் பக்கம் சிங்களம், இந்தப் பக்கம் தமிழ். ஒரே கடலில் வலை இழுக்கிற, ஒரே பீடத்தின் முன் முழங்காலில் நிற்கிற ஆட்களின் பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும். எங்கள் ஊரில் வீட்டுக்குள் இரண்டு மொழியும் கலந்துதான் புழங்கும். ஆனால் எழுத்து என்று வந்தால் ஏதாவது ஒரு பக்கம் உட்கார்ந்துதானே ஆகவேண்டும். கலியாணத்துக்கும் செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கும் தட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். அடுத்த திங்கட்கிழமை அது பழைய இடத்துக்கு வந்துவிடும்.

காலைச் செபம் மட்டும் ஒரே நேரத்தில் நடக்கும். மணி அடித்ததும் அவர்கள் சிங்களத்திலும் நாங்கள் தமிழிலும் பரலோக மந்திரத்தைத் தொடங்குவோம். எங்கள் பிலோமினா ரீச்சருக்கு எதையும் ஓடி ஓடிச் சொல்லப் பிடிக்காது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லவைப்பார். அதனால் நாங்கள் 'ஆமென்' சொல்லும்போது அந்தப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்து, வாங்கு கிறீச்சிட்டு, கொப்பி எடுத்திருப்பார்கள். எனக்கு அது பெரிய வெட்கமாக இருக்கும். எதிலும் பிந்துகிற கூட்டம் நாங்கள் என்று ஒரு நினைப்பு.

பணிஸ் விசயத்திலும் அப்படித்தான். பத்து மணிக்கு பேக்கரியிலிருந்து பெரிய அலுமினியத் தாச்சியில், துணியால் மூடி, பணிஸ் வரும். வாசல் படலை அந்தப் பக்கம் இருந்தது, பிள்ளைகளின் தொகையும் அந்தப் பக்கம்தான் கூட. ஆகவே தாச்சி முதலில் அங்கே இறங்கும். வாசம் மட்டும் தட்டியைத் தாண்டி எங்களிடம் வந்துவிடும், பணிஸ் வரும்போது ஆறிப்போய் இறுகியிருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் நடக்கும் அநியாயங்களில் இதைவிடப் பெரிது எனக்குத் தெரிந்து வேறு இருக்கவில்லை.

அந்த வருசம் தம்பிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. அப்பா கற்பிட்டிப் பக்கம் வாடியில் இருந்தார். காற்று மாறினால் எங்கள் ஊர் ஆண்கள் அங்கே போய்க் குடிசை போட்டு மீன் பிடிப்பார்கள், பெருநாளுக்குத்தான் திரும்புவார்கள். ஒரு பின்னேரம் பிலோமினா ரீச்சர் வீட்டுக்கு வந்தார். அவரும் அம்மாவும் சிநேகிதிகள். ஒரே ரோச் வெளிச்சத்தில் செபமாலைக்குப் போய், ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒன்றாகத் திரும்புகிறவர்கள். அன்றைக்கு ரீச்சர் கதிரையில் சாயாமல், நுனியில் இருந்தார்.

"கல்விக் கந்தோரிலயிருந்து சொல்லிட்டாங்க. இருபது பிள்ளை இருந்தாத்தான் எங்கட பக்கத்த வச்சிருப்பாங்களாம். இப்ப பத்தொன்பது நிக்கிது. உங்கட சின்னவன் வந்தா இருபது."

அம்மா சிரித்தார். "அவன் உங்கட பிள்ளை ரீச்சர். வேற எங்க போகப்போறான்?"

அந்த வாக்கை நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எனக்கு விளங்கவும் செய்தது. விளங்காத வயது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தது பொய்.

பள்ளிக்கூடம் தொடங்குகிற நாளன்று அம்மா மலேரியாக் காய்ச்சலோடு பாயில் கிடந்தார். தம்பியின் பிறப்புப் பத்திரத்தையும் ஞானஸ்நானத் துண்டையும் ஒரு கடித உறைக்குள் வைத்து என் கையில் தந்தார். "ரீச்சர்ட கையில குடு. அவன்ட கைய விட்டிராத," என்றார். போகிற வழி முழுக்க நான் கணக்குப் போட்டேன். இவன் எங்கள் பக்கம் வந்தால் நாள் முழுக்க என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அந்தப் பக்கம் இருந்தால் எனக்குத் தொல்லை இல்லை. தட்டியின் அடியில் ஆடு தின்ற ஓட்டை ஒன்று என் வாங்குக்கு நேரே இருந்தது. அதன் வழியே பணிஸ் சூட்டோடு வரும்.

"தம்பி, உனக்கு பணிஸ் தந்தவுடன பாதிய அந்த ஓட்டையால தரவேணும், சரியா?"

"ஓம் அக்கா."

அந்தப் பக்கத்து வாசலில் மடத்துச் சிஸ்டர் நின்றிருந்தார். அவர்தான் தலைமையாசிரியை. உறையை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியின் தலையைத் தடவி உள்ளே கூட்டிப்போய், இடாப்பில் பெயரை எழுதிவிட்டார். அவ்வளவுதான். ஒரு செருப்பைக் கழற்றி மாட்டுகிற நேரம்கூட ஆகவில்லை.

பத்து மணிக்கு ஓட்டையால் ஒரு சின்னக் கை வந்தது. கையில் பாதி பணிஸ். மேலே ஒட்டியிருந்த சீனி இன்னும் உருகியபடி இருந்தது.

இடைவேளையில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. "தம்பி ஏன் அங்க போனான்?" என்றார்.

"அம்மாதான் அங்க விடச்சொன்னா."

ரீச்சர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு சரி, போய்ச் சாப்பிடு என்றார். வீட்டுக்குப் போனால் அம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அதையே கேட்டார். "சிஸ்டர்தான் அந்தப் பக்கம் வேணுமெண்டு எடுத்தா," என்றேன். அம்மா திரும்பவும் பாயில் சரிந்தார். எங்கள் ஊரில் சிஸ்டர்மாரிடம் போய் ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அவர்கள் சொன்னால் கோயில் சொன்ன மாதிரி. அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தப் பொய்யைத் தெரிந்தெடுத்தேன். கெட்டிக்காரி!

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "இரண்டு தரம் பொய் சொன்னேன், பாதர்." எண்ணிக்கை சரி. என்ன பொய் என்று பாதர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ரீச்சர் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. வாக்கைக் கொடுத்துவிட்டு மாறியவரிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பார். சிஸ்டரோடு தனக்காக ஒரு வார்த்தை பேசாத ரீச்சரை நினைத்து அம்மாவும் வாய் திறக்கவில்லை. செபமாலைக்கு அம்மா தனியாகப் போகத் தொடங்கினார். வாங்கில் உட்காரும்போது பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவார். தவக்காலம் முடியுமட்டும் அந்த இடம் அப்படியே இருந்தது. பிறகு வேறு யாரோ வந்து இருந்துவிட்டார்கள்.

வருசக் கடைசியில் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து தலைகளை எண்ணினார். பத்தொன்பது. எங்கள் பக்கத்தை மூடிவிட்டார்கள். ரீச்சர் சுவரிலிருந்த அரிச்சுவடிப் படத்தைக் கழற்றி, தூசி தட்டி, சுருட்டி நூலால் கட்டினார். எங்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். எனக்கும் போட்டார். மாற்றலாகி அவர் தூரத்து ஊருக்குப் போனார். மற்றப் பிள்ளைகள் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார்கள். என்னை மட்டும் அப்பா கற்பிட்டியில் மாமி வீட்டில் விட்டார். முஸ்லிம் பிள்ளைகளோடு இருந்து படித்தேன், அவர்கள் மாதிரியே கதைக்கப் பழகினேன், கடைசியில் தமிழ் ரீச்சராகவே வந்துவிட்டேன். பாருங்கள், திருடியவளுக்கே திருட்டுப் பொருளும் கிடைத்தது.

தம்பி நன்றாகத்தான் படித்தான். எங்கள் கரையோரத்துப் பொடியன்கள் பலரைப்போல இத்தாலிக்குப் போனான், வீடு கட்டினான், அம்மாவை ராணி மாதிரி வைத்திருந்தான். ஆனால் பள்ளிக்கூடத்துச் சிங்களம் வீட்டுப் பேச்சிலும் நிறைந்துவிட, அவனுடைய தமிழ் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. பசிக்குது, வலிக்குது, அக்கா வா. நரைத்த தலையோடு ஒரு மனிதன் ரெலிபோனில் குழந்தைத் தமிழ் பேசுவதைக் கேட்டால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

ஒருநாள் ரீச்சர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அம்மிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன குத்தம் செஞ்சன் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்காரி. பொய் சொல்லாதே என்று வருசா வருசம் கரும்பலகையில் எழுதுகிறவள். உரித்து முடித்தேன், கையைக் கழுவினேன், வாயைத் திறக்கவில்லை.

போன வருசம் அம்மாவும் போய்ச்சேர்ந்தார். கடைசி இரண்டு நாளும் அவர் வாயில் செபத்தைத் தவிர வேறு பேச்சில்லை, அதுவும் தமிழில்தான். தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே இருந்தான். நாங்கள் செபமாலை சொல்லச் சொல்ல அவன் உதடு அசையும், சத்தம் வராது. 'ஆமென்' என்ற இடத்தில் மட்டும் உரத்துச் சொல்வான். அம்மா ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தோம். தட்டி எப்போதோ போய்விட்டது. தூக்கி வைக்கவும் ஒன்றுமில்லை, திரும்பக் கொண்டுவரவும் ஒன்றுமில்லை. சுவரெல்லாம் படங்கள், எல்லாம் சிங்களம், அழகான படங்கள். தம்பி ஒரு தூணுக்குப் பக்கத்தில் குந்தி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கையை வைத்துக் காட்டினான்.

"இங்கதான் ஓட்டை."

எனக்கு அடக்கமுடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சரிடம் சொன்னது, அம்மாவிடம் சொன்னது, இருபது, பத்தொன்பது, எல்லாம். அழுகையில் பாதி வார்த்தை அவனுக்கு விளங்கியிருக்காது.

"தெரியும் அக்கா," என்றான். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழைத் தேடித்தேடி எடுத்தான். "ரெண்டாம் நாள் சிஸ்டர் கேட்டா. அக்காட பக்கம் போறியா எண்டு. நான் மாட்டன் எண்டன்."

"ஏன்டா?"

"நீ பணிஸ் கேட்டாய்தானே."

அதற்குள் பாதர் வந்து சாப்பாட்டுக்கு முன் செபத்தைத் தொடங்கிவிட்டார். மண்டபம் முழுக்க ஒரே மொழியில், ஒரே வேகத்தில் சொன்னார்கள். ஒன்றாக முடித்தார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள், வாங்குகள் கிறீச்சிட்டன. நான் மட்டும் வாய்க்குள் தமிழில், ரீச்சர் பழக்கியபடி நிறுத்தி நிறுத்தி, இன்னும் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். தம்பியும் உட்காரவில்லை. நான் முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி பக்கத்தில் நின்றான். முடித்ததும், "ஆமென்" என்றான்.