வேலிப் பொட்டும் மெஷின் ஷெட் கதவும்

பிள்ளைகளே, நம் மெஷின் ஷெட்டுக்கு ஏன் மூன்று கதவு என்று கேட்டீர்கள். எனக்கு எழுதத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும், உங்கள் உம்மா ராத்தா என்று கூப்பிடும் அவவின் அக்கா பெரியும்மாவின் மாப்பிள்ளையும், அதாவது என் சகலனும், கூட்டாக இரண்டு சில்லு, அதாவது இரண்டு சக்கர, உழவு மெஷின் ஒன்று வாங்கினோம். பக்கத்துப் பக்கத்தில் இருந்த வீட்டு வளவு இரண்டும் அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாக வந்தவை. நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து சேர்ந்த மாப்பிள்ளைமார்தான். மெஷின் இருவருக்கும் பொது என்பதால் நடு வேலியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்திலேயே ஷெட்டைக் கட்டினோம். மெஷினுக்கும் அதன் பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டிக்கும் நெல் மூட்டைக்கும் இடம் வேண்டுமென்று, ரோட்டிலிருந்து பின்னால் கிணற்றுச் சுவர் வரைக்கும் நீட்டினோம். கல் சுவர், மேலே தகரம். ரோட்டுப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அதற்கு என்ன கதவு போடுவது என்று பேசத்தான் மரவேலை செய்யும் ஓடாவியாரை வரச் சொன்னோம்.

சகலனுக்குக் கல்முனை பஸாரில் கடை. அவர் சொன்னார்:

“ஷட்டர் போடுவம் தம்பி. கள்ளன் கைய வெச்சா சத்தத்துக்கு ஊரே எழும்பும்.”

ஓடாவியார் சிரித்தார். “கடல் காத்துக்கு ரெண்டு மாரி தாங்காது. துரு புடிச்சி இறுகினா கள்ளனுக்கும் தெறக்கேலா, உங்களுக்கும் தெறக்கேலா.”

நான் முதிரைப் பலகையில் இரட்டைக் கதவு கேட்டேன். வெளியே பெரிய ஆமைப் பூட்டு. சாவி என் இடுப்பில். அடுத்த கிழமை நான் சாகாமத்து வயலுக்குப் போக வேண்டும். விதைப்பு முடியும் வரை அங்கே வாடிக் குடிசையில்தான் கிடப்பு. உங்கள் உம்மாவுக்கு அது நிறைமாதம். வீட்டைப் பத்திரமாக விட்டுப் போக வேண்டும் என்பதே என் தலைக்குள் நின்றது.

அப்போது அடுப்படிக் குசினி வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா என்னைக் கூப்பிட்டா. அந்நிய ஆண்களோடு நேரே கதைக்கமாட்டா. தேத்தண்ணித் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டா:

“இஞ்ச பாருங்க, கதவு நல்லம்தான். நான் ராத்தாட்டப் போறண்டா எதால போற?”

எனக்கு விளங்கவில்லை.

“பொட்டு இருந்த இடத்துலதானே சுவர் எழும்பிருக்கி? இந்த வயித்தோட தேத்தண்ணிக் கடைக்கி முன்னால, ரோட்டாலயா சுத்திப் போறது?”

வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியைத்தான் பொட்டு என்போம். நம் பக்கத்துப் பெண்கள் ரோட்டில் இறங்காமலே பொட்டுக்குப் பொட்டு நுழைந்து தெரு முழுக்கப் போய் வருவார்கள். ஆண்கள் ரோட்டால் நடப்பவர்கள். வேலியைப் பிடுங்கிய எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அந்தப் பொட்டு படவேயில்லை. நான் இல்லாத நேரம் வலி வந்தால் உம்மாவுக்கு இருந்த ஒரே துணைக்கும் அவவுக்கும் நடுவில், பாதுகாப்பு என்று நினைத்துச் சுவரைக் கட்டி வைத்திருந்தோம்.

“சுவர் எழும்பக்குள்ள சொல்லிருக்கலாமே புள்ள?”

“நீங்க வாசல் விடுவீங்க எண்டு நெனச்சிட்டு இருந்தன்.”

அதை அவ கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நான் வெளியே வந்து, இரண்டு சுவரையும் உடைத்து எதிரெதிரே சின்னக் கதவு போடச் சொன்னேன். சகலன் திகைத்துவிட்டார்.

“ரெண்டு பக்கமும் ஓட்ட போட்டா இது ஷெட்டா, சந்தியா?”

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியும்மாவின் குரல் கேட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறா.

“சந்தி எண்டே வெச்சிக்கங்க. நாள் முழுக்க நாங்க நடக்கிற சந்தியில எந்தக் கள்ளன் வாரான் பாப்பம்!”

ஓடாவியார் தொடையில் தட்டிச் சிரித்தார். அதன் பிறகு வேலை சுளுவாகிவிட்டது. பெரிய கதவு உள்பக்கமாகத் திறக்கும். கதவைத் தாங்கும் பிணைச்சலும் அடைக்கும் குறுக்குச் சட்டமும் உள்ளே. வெளியே பூட்டும் இல்லை, நெம்புவதற்கு ஒரு வளையமும் இல்லை. உள்ளே சட்டத்தைப் போட்டுவிட்டுச் சின்னக் கதவால் வளவுக்குள் வந்துவிடலாம். “கையில புள்ளையோட போற வாசல், அகலமா வெக்கச் சொல்லுங்க” என்று உம்மா சொல்லியனுப்பினா. ஓடாவியார் அப்படியே வைத்தார்.

நான் வயலில் இருந்தபோது ஒரு காலையில் வலி வந்திருக்கிறது. உம்மா சின்னக் கதவைத் தள்ளி “ராத்தா” என்று ஒரு சத்தம்தான் வைத்தாவாம். தகரக் கூரைக்குக் கீழே அது இரண்டு வளவுக்கும் கேட்டதாம். பெரியும்மா அரிசி களைந்த கையோடு ஓடி வந்திருக்கிறா.

செய்தி கேட்டு மெஷினை வாடியில் விட்டுவிட்டு சைக்கிளில் வந்தேன். ரோட்டுக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. நானே ஆசைப்பட்டுப் போட்ட கதவு! நம் வளவு வாசல் படலையும் உள்ளால் கொளுவிக் கிடந்தது. பெரியும்மா தன் படலையால் எட்டிப் பார்த்தா.

“அதுல நிண்டு என்ன செய்றீங்க? என்ட வளவால வந்து பொட்டால போங்க.”

கதவு போட்ட பிறகும் அவர்களுக்கு அது பொட்டுத்தான். நான் முதல் முறையாக அந்த வழியால் நடந்தேன். ஒரு கதவு, நெல் மூட்டைகள், அடுத்த கதவு. அதைத் தாண்டியதும் அறையிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. மூத்தவளே, அது நீதான்.