சம்பந்தியின் அப்பாவைப் பெற்றவள்

டாக்குத்தர்மாரின் கையெழுத்தை வாசித்தே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். தென் லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் ஒரு மருந்துக்கடையின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு, துண்டில் கிறுக்கியிருப்பது இருமல் பாணியா, இதயத்துக்கான குளிசையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு அந்தக் கெட்டித்தனத்தை யாரும் கேட்பாரில்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னிடம் அதற்கு மறுபடி வேலை கொடுத்தவர் என் சம்பந்தி.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமியார். ஆங்கிலேயப் பெண்மணி, எழுபத்தொன்பது வயது. நோர்ஃபோக் பக்கத்துக் கிராமமொன்றில் பண்ணைக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் லண்டனுக்கு வந்து, ஹீத்ரோ விமான நிலையச் சமையலறையில் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, இப்போது ஹவுன்ஸ்லோவில் தனியே இருக்கிறார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் பத்து வருடப் பழக்கத்தில் அது எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், அவர் கோபிக்க மாட்டார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என் மருமகன் தன் தாய்க்குக் குடும்ப வரலாறு தேடும் இணையத்தளம் ஒன்றின் சந்தாவைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு கிழமை கழித்து, வியாழக்கிழமை காலையில், சம்பந்தி மடிக்கணினியைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு பாரும். எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு."

பார்த்தேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட குடிசன மதிப்பீட்டுத் தாள். குடும்பத் தலைவனின் தொழில்: பண்ணையில் குதிரைக்காரன். பிறந்த இடம், மனைவியின் வயது, கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை உயிரோடு, வீட்டில் எத்தனை அறை. நான் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனேன். என் அம்மாவின் பிறப்புப் பத்திரமே எங்களிடம் இல்லை. இங்கே ஒரு கூலிக்காரனின் வீட்டு அறைகளைக்கூட எண்ணி எழுதி, அதைப் பத்திரமாக வைத்தும் இருக்கிறார்கள். பொறாமையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அன்று மத்தியானம் சமைக்க மறந்துபோனேன்.

பிறகு ஒவ்வொரு வியாழனும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை பதிவுக் கந்தோராகிவிட்டது. உழவன், மாட்டுக்காரன், வேலி வெட்டுகிறவன், வயலில் கல் பொறுக்கிய பெண்கள் என்று ஆட்கள் தாளிலிருந்து எழும்பி வந்தார்கள். என் கால் தரையில் நிற்கவில்லை. என் கணவர் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"இஞ்சரப்பா, சொந்தக்காரற்ற செத்தவீட்டுக்கே கடைசியாப் போற ஆள் நீர். வெள்ளைக்காரற்ற பூட்டனுக்கு இவ்வளவு அவதிப்படுறீர்."

ஆனால் சம்பந்திக்கு வேண்டியது பூட்டனும் இல்லை, ஓட்டனும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பெண். அவருடைய அப்பாவைப் பெற்றவள், அந்த முதல் தாளில் குதிரைக்காரனின் மனைவி என்று பெயர் எழுதியிருந்தவள்.

அப்பாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது குதிரைக்காரத் தகப்பன் செத்துப்போனான். அதன் பிறகு அவர் வளர்ந்தது வேர்க்ஹவுஸில். கதியற்ற ஏழைகளை அடைத்துவைத்து, வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் இடம் அது. "அம்மா என்னை அங்க தள்ளிவிட்டிட்டு ஒருத்தனோட போனவள்" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. படம் ஒன்று இருந்ததையும் அடுப்பில் போட்டுவிட்டார். அவர் பிள்ளைகளை ஒருநாளும் கட்டி அணைத்ததில்லை என்று சம்பந்தி சொன்னபோது, குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவள் உண்மையா விட்டிட்டுப் போனவளோ இல்லையோ, அது எனக்குத் தெரியவேணும். தெரியாமல் நான் சாகமாட்டன்" என்றார்.

அவ்வளவுதான். இனி என்னைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்?

இளம் விதவை, ஒரு பிள்ளை. நான் தேடினேன். ஐந்து மாதம், இறந்துபோன குதிரைக்காரனின் பெயரோடு அவள் பெயரைச் சேர்த்துத் தேடினேன். ஒருநாள் அகப்பட்டாள்! அதே பெயர், அதே மாவட்டம், விதவை. மனநோயாளர் காப்பகத்தில் பதிவாகி, அங்கேயே இறந்திருந்தாள். நான் பொறுக்கவில்லை. மேற்கொண்டு ஒன்றையும் சரிபார்க்காமல் தொலைபேசியை எடுத்தேன்.

"அவ விட்டிட்டுப் போகேல்லை! சித்தம் கலங்கிப் போச்சு, பாவம். ஆஸ்பத்திரியிலதான் செத்திருக்கிறா!"

மறுமுனையில் சம்பந்தி அழுதார். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவள் பெயரைச் சொல்லி மன்றாடச் செய்தார். நோர்ஃபோக்கில் இருக்கும் தன் அண்ணனுக்கும் சொன்னார். எண்பத்து மூன்று வயது அண்ணன். அவரும் தகப்பனின் கோபத்தை அப்படியே சொத்தாக எடுத்துக்கொண்டவர். அவர்கூட, "அப்பிடியெண்டால் அது வேற கதை" என்றாராம்.

நான் வரவழைத்திருந்த இறப்புப் பத்திரத்தின் பிரதி மூன்று கிழமை கழித்து வந்தது. தொழில் என்ற கட்டத்தில் "மீனவரின் விதவை" என்றிருந்தது. எங்கள் ஆள் குதிரைக்காரன், கடலைக் கண்டே இருக்கமாட்டான். நான் யாரோ ஒரு மீனவன் பெண்சாதிக்காக இவர்களை அழ வைத்திருக்கிறேன்.

அந்த வியாழனைப் போல் வெட்கப்பட்ட நாள் என் வாழ்க்கையில் குறைவு. நான் ஓர் அவசரக்குடுக்கை, அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் சம்பந்தி திட்டவில்லை. நான் தேடிவைத்த பட்டியலைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நீர் ஏன் எல்லாத்திலயும் அவளை முதல் புருஷன்ர பேரிலயே தேடியிருக்கிறீர்?"

"வேற என்ன பேரில தேடுறது? விதவைதானே?"

அவர் என்னை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்போதுதான் என் தலைக்குள் ஏதோ இடித்தது. எங்கள் ஊரில் நான் சின்ன வயதில் கண்ட மூன்று இளம் விதவைகளும் கடைசிவரை விதவைகளாகவே இருந்தார்கள். பொட்டில்லை, பூவில்லை, கலியாண வீட்டில் முன்னுக்கு வருவதில்லை. விதவை என்றால் விதவைதான் என்பது எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்காமலே ஊறிக் கிடந்தது. நாற்பது வருடம் லண்டனில் இருந்தும் அது போகவில்லை. ஐந்து மாதத்தில் ஒருதரமாவது கல்யாணப் பதிவைப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அந்த வீடு பண்ணைக்காரன்ர வீடு" என்று சம்பந்தி விளக்கினார். "வேலை இருக்கும்வரைதான் வீடு. ஆள் செத்தால் அடுத்த குதிரைக்காரன் வந்திடுவான், மனுசி பிள்ளையோட றோட்டில. அவள் அறுவடைக்கு முதலே இன்னொரு ஆளைப் பார்த்திருப்பாள். எங்கட ஆக்களுக்கு அழுறதுக்கெல்லாம் நேரமில்லை."

கல்யாணப் பதிவேட்டைத் திறந்தேன். பத்தே நிமிடம்! புருஷன் செத்து ஐந்து மாதத்தில், பக்கத்து ஊரில், குடிசன மதிப்பீட்டில் நான்கு பிள்ளைகளோடு பதிவாகியிருந்த ஒரு மாட்டுக்காரனை அவள் கல்யாணம் முடித்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டன்!" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் குதித்தேன். பிறகுதான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப அப்பா சொன்னது உண்மைதான்" என்றார். "ஒருத்தனோட போயிருக்கிறாள்."

அவர் மடிக்கணினியை மூடினார். போதும் என்றார். இனித் தேட வேண்டாம், அண்ணனுக்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றார். நான் தலையாட்டினேன். அன்று பின்னேரமே அண்ணன், இனிமேல் அவளைப் பற்றிய கதையோடு தன்னைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மகள் மூலம் கேள்விப்பட்டேன்.

நான் தலையாட்டியது உண்மை. கேட்டு நடக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவளாக இருந்தால் நான்கு பிள்ளைக்காரனையா பார்த்துப் போவாள்? எனக்கு அது ஒட்டவில்லை. நோர்ஃபோக் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பையனின் பெயரையும் வயதையும் கொடுத்து, அந்தப் பெயர் வேர்க்ஹவுஸின் அனுமதிப் பதிவேட்டில் எங்கெங்கே வருகிறதோ எல்லாப் பக்கத்தின் படமும் வேண்டும் என்று கேட்டேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பதில் வந்தபோது நான் விம்பிள்டனுக்கு ட்ராமில் போய்க்கொண்டிருந்தேன். மூன்று படங்கள். தொலைபேசித் திரையில் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தேன். எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்து என் பழைய டாக்குத்தர்மாரைத் தோற்கடிக்கும். ஆனால் நான் விடுகிற ஆளா? மூன்றாவது படத்தில் நான், "ஐயோ என்ர கடவுளே!" என்று கத்திவிட்டேன். முன்னாலிருந்த பிள்ளை பயந்துபோய் ஹெட்போனைக் கழற்றி, "ஆர் யூ ஓகே, ஆன்ரி?" என்றாள். அவளைப் பிடித்து முழுக் கதையையும் சொல்ல வேண்டும்போல இருந்தது. விம்பிள்டனில் வாங்கவேண்டியதை வாங்கவில்லை. ரயில் மாறி, பஸ் மாறி நேரே ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன்.

கதவைத் திறந்த சம்பந்தி என் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார்.

"நீர் தேடினீர், என்ன?"

"ஓம். தேடினனான். பிறகு ஏசுங்கோ, முதல்ல இருங்கோ."

குசினியில் உருளைக்கிழங்கு பாதி உரித்தபடி கிடந்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்கியது. அது போகும்வரை காத்திருந்தேன். பிறகு வாசித்தேன்.

முதல் பதிவு. பையன், வயது ஆறு. கொண்டுவந்தவர்: தாய். சம்பந்தி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். விதவைக்கு உதவித்தொகை கொடுப்பதற்குப் பதிலாக அவள் பிள்ளையை உள்ளே எடுத்துக்கொள்வது அந்த நாளில் வழக்கம் என்று ஆவணக் காப்பகத்துப் பெண் மின்னஞ்சலில் எழுதியிருந்ததையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

இரண்டாவது பதிவு. அதே பையன், பதினொரு கிழமை கழித்து. வெளியே கூட்டிச் சென்றவர்: தாய்.

"என்ன?"

"தாய். தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. கலியாணம் முடிச்சு ரெண்டே ரெண்டு கிழமையில. வீடு கிடைச்ச உடன ஓடி வந்திருக்கிறா!"

சம்பந்தி என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்தார். அவருக்கு அது வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"மற்றது?" என்று கேட்டார். மூன்றாவதும் இருக்கிறதென்று என் முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு வருடம் கழித்து. பையன், வயது ஏழு. கொண்டுவந்தவர்: மாற்றாந்தகப்பன். குறிப்பு என்ற கட்டத்தில் சின்ன எழுத்தில், "தாய் பிரசவத்தில் மரணம், நேற்று."

சம்பந்தி அழவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றியபடி நின்றார்.

"ஆரும் அவருக்குச் சொல்லேல்லை" என்றார். "அப்பா ஒரு விஷயம் சொல்லுவார். நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, எனக்கு வெட்கம். வண்டியில ஏத்தேக்க அவர் அம்மா அம்மா எண்டு கத்தினவராம். அவள் வாசலுக்குக்கூட வரேல்லையாம். அதைத்தான் அவர் மன்னிக்கேல்லை. சாகும்வரை மன்னிக்கேல்லை."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் உள்ளேதான் கிடந்திருக்கிறாள்.

பிறகு சம்பந்தி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மேசையில் ஓங்கித் தட்டினார். உருளைக்கிழங்கு ஒன்று உருண்டு விழுந்தது. "வந்தவள்!" என்றார். "வந்து கூட்டிக்கொண்டு போனவள்!" சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனுக்குக் காது மந்தம். கூப்பிட வேண்டாமென்று சொன்னேனே என்று அவர் தொடங்குவது எனக்கே கேட்டது.

"அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள்!" என்று சம்பந்தி கத்தினார்.

"ஆர் வந்தது?"

"அம்மா! அப்பான்ர அம்மா!"

அவருக்கு விளங்கவில்லை. சம்பந்தி இன்னும் பலமாகக் கத்தினார், குரல் உடைந்துபோயிற்று. நான் பக்கத்தில் போய் நின்று, என் பங்குக்கு வாயைத் தொலைபேசியில் வைத்து அதையே கத்தினேன். நாலாம் தடவைதான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு அந்தக் கிழவர், அவளுடைய பெயர் என்ன என்று கேட்டார்.