வாழைப்பழப் பானைக்குள் விழித்த கடலை

ஈரச் சாக்கை விரித்தபோது நூறு நிலக்கடலைப் பருப்பும் ஊறி உப்பிப் பளபளவென்றிருந்தன. முளை விட்டவை ஏழோ எட்டோதான். அறுபதுகளின் தொடக்கம். கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் சோதித்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். "அத்தாச்சி, இது செத்த விதை" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அத்தாச்சி என் அண்ணன் மனைவி. கார்த்திகையில் பிடுங்கிய கொடிக்கடலையைக் கிணற்றுக் கொல்லையில் தையிலேயே மறுபடி விதைக்க வைத்திருந்தார். வேறு விதை வீட்டில் இல்லை.

"படிச்சவளே சொல்லிட்டா. பொங்கல் கழிச்சு எண்ணெய் மில்லுக்கு ஏத்திருவோம்" என்றார் அண்ணன்.

அத்தாச்சி ஒரு பருப்பை மோந்து பார்த்தார். "செத்திருந்தா வாடை வராதா? நல்லாத்தான இருக்கு." என் காதில் அது ஏறவில்லை.

சோதனைக்கு உடைத்ததில் மிஞ்சிய பருப்பு ஒரு பானையடியில் கிடந்தது. பொங்கலுக்குப் பழுக்க வைக்க, அத்தாச்சி அதன்மேலேயே வாழைச் சீப்புகளை அடுக்கி, புகை ஊதி, பானை வாயை மூடிச் சாணியால் மெழுகினார். மூன்றாம் நாள் பழம் மஞ்சளானது. அடியில் இருந்த பருப்பைச் சுண்டலுக்கு ஊறப்போட்டு நீரை வடித்து வைத்தவர், பொங்கல் வேலையில் அதை மறந்தே போனார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் வண்டியில் மூட்டை ஏற்றும்போதுதான் சட்டியோடு ஓடிவந்தார். அநேகமாக எல்லாப் பருப்புக்கும் வெள்ளை வால்.

"ஏம்மா, செத்தது வாலாட்டுமா?"

நான் ஓடிப்போய் மூட்டையைப் பிடித்தேன். "அண்ணே, நான் சொன்னது தப்பு. எறக்குங்க."

முளைத்தது பழத்தோடு கிடந்த பருப்பு மட்டுமே என்பதால், விதைப் பருப்பு மொத்தத்தையும் பழுத்த சீப்புகளோடு குதிரில் போட்டு மூடினோம். "கடலைக்கு வாழைப்பழம் படைச்ச வீடு நம்ம வீடுதான்" என்று அண்ணன் சிரித்தார்.

பழுக்கிற பழம் ஒருவித வாயுவை விடும் என்று கல்லூரியில் என் ஆசிரியர் சொன்னார். அது எப்படி விதையின் உறக்கத்தைக் கலைக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஓரளவு படித்தறிந்தேன். கருவின் செல்கள் தண்ணீர் குடித்தும் சும்மா இருக்கின்றன. சாவு அல்ல, ஒரு தடை. வாயு பட்டதும் தடை தளர்கிறது. சேமித்த எண்ணெய் சர்க்கரையாகிறது, செல்சுவர் நெகிழ்கிறது, செல் நீள்கிறது, வேர் தோலைக் கிழிக்கிறது. முதலில் நெகிழும் செல் எது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொல்லை முளைத்தது, அங்கங்கே சில சொட்டைகளோடு. மாசியில் களையெடுக்கையில் ஒரு சொட்டையில் புதிதாய் ஒரு முளை எட்டிப்பார்த்தது.

"இதுக்குப் பழவாடை பத்தலை போல. அதுவா முழிச்சிருக்கு" என்றார் அத்தாச்சி.

பிடுங்கி அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆசையில் குனிந்தேன். களைக்கொத்தியின் காம்பால் என் கையில் ஒரு தட்டு விழுந்தது.

"அறுக்கணும்னா வேற பாரு. இது காய்க்கட்டும்."