சுகிர்தா வாய் திறந்த காலை

எங்கள் மகள் சுகிர்தா பதினாலு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அன்பானவர்களே, அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் இலங்கையில், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்தவன். ஓலை வேய்ந்த ஜெபக்கூடம், ஒரு பழைய சைக்கிள், சுற்றிலும் ஐந்து ஊர். யுத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பதுங்கு குழிக்குள் ஒரு கலியாணம்கூட நடத்திவைத்திருக்கிறேன்.

1990 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரம் விமானம் வந்து குண்டு போட்டது. ஜெபக்கூடத்தின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. சபையில் மூன்று பேர் போய்விட்டார்கள். சுகிர்தாவுக்கு அப்போது ஐந்து வயது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை.

வள்ளம் ஏறி ராமேஸ்வரம் வந்தோம். சில மாதம் மண்டபம் முகாம். பிறகு என் மனைவி ரஞ்சியின் உறவினர் ஒருவர் சென்னைக்கு வெளியே, தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது.

வந்த மறுநாள் காலையிலேயே தலைக்கு மேல் விமானம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பது எனக்குத் தெரியாது. பயிற்சி விமானங்கள் நாள் முழுக்கச் சுற்றும். ஒவ்வொரு தடவையும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். "உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, இங்கேயா கொண்டுவந்து விட்டீர்?"

டாக்டர் நாக்கையும் காதையும் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, தானாகப் பேசும் என்றார். ஒரு பெரிய சுகமளிக்கும் கூட்டத்துக்கும் தூக்கிப் போனோம். திரும்பும்போது ஒருவர், உங்களுக்கு விசுவாசம் பத்தாது என்றார். அதற்குப் பிறகு நான் பிரசங்க மேடையில் ஏறவில்லை. யாராவது கூப்பிட்டால் தலைவலி என்பேன். ஜெபம் மட்டும் விடவில்லை. "ஒரு சொல் போதும் ஆண்டவரே. அப்பா என்று ஒரே ஒரு சொல்."

எதிர் வீட்டு அஞ்சலை அக்கா தெருவோரம் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். ரஞ்சி காய்ச்சலில் படுத்த ஒரு நாள் பிள்ளையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். பேசாத பிள்ளை, உங்களுக்குத் தொந்தரவு என்றேன்.

"அது பேசலன்னா இன்னாண்ணா? காது கேக்குதுல்ல? நான் பேசிகினு இருக்கேன், அது கேட்டுகினு இருக்கட்டும். நீ வேலைக்குப் போ!"

அன்று முதல் அது தினமும் நடந்தது. விமானம் வந்தால் பிள்ளை வண்டிக்கு அடியில் ஒளிவாள். அக்கா குனிந்து சொல்வாராம்: "பசங்க ஓட்டக் கத்துகினு கீறானுங்கோ கண்ணு. ஒரு சுத்து சுத்திட்டு வூட்டுக்குத்தான் திரும்புவானுங்கோ." பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்த்துத் திட்டுவாராம். சில வாரத்தில் பிள்ளை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

1991 அக்டோபர். எனக்கு விடுமுறை. குளித்துக்கொண்டிருந்தேன். ரஞ்சி கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! பிள்ளை கதைக்குது!"

துண்டைக் கட்டிக்கொண்டு சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினேன். என் மகள் இடுப்பில் கை வைத்து, தலையை அண்ணாந்து, போகிற விமானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய்! மெதுவா போடா! காது வலிக்குதுல்ல!"

அஞ்சலை அக்கா அழுதுகொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யாருடைய சட்டையோ கருகிக்கொண்டிருந்தது. "யோவ் பாஸ்டரு, உன் பொண்ணு இன்னா வாய் பேசுது பாத்தியா!"

சுகிர்தா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாப்பா, சோப்போட நிக்கிற?"

நான் தெருவிலேயே முழங்காலில் விழுந்தேன். நான் கேட்ட சொல் அதற்குள் இருந்தது.

அடுத்த ஞாயிறு மேடை ஏறினேன். மூன்று வாக்கியம் பேசுவதற்குள் அழுதுவிட்டேன். ஆனாலும் ஏறினேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஊழியம் நிற்கவில்லை. மாலையில் வீடு வீடாகப் போகிறேன். அனுமதி கிடைக்கும்போது அகதி முகாம்களுக்கும் போய் வருகிறேன். அஞ்சலை அக்கா சபைக்கு வருவதில்லை. "என் சாமிகிட்டயும் நான் வேண்டிகினேன், சொல்ட்டேன்" என்பார். நான் வாதாடுவதில்லை. என் ஆண்டவர் அவரைத்தான் அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது 1997. எங்கள் ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை. அதற்காகத் தினமும் ஜெபிக்கிறோம். ஆனாலும் நாங்கள் நிறைவாக இருக்கிறோம். சுகிர்தாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் அஞ்சலை அக்கா மாதிரி "கீது" என்று சொல்லும்போதெல்லாம் ரஞ்சி திருத்துகிறாள். நான் திருத்துவதில்லை.

உங்களில் யாராவது பதில் வராத ஜெபத்தோடு உட்கார்ந்திருந்தால், இன்னும் கொஞ்சம் கேளுங்கள். தனியாகக் கேட்க முடியவில்லையென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். வீட்டில் பேச்சுச் சத்தம் அதிகமாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.