எர்த் குழிக்கு ஊற்றாத தண்ணீர்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை போனேன், கணக்கில் தவறிவிட்டேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசவே கூசுகிறவள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு இன்றும் ஒன்றும் தெரியாது. ஆனால் 1991-ல் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் ஒரு நாளுக்கு மேல் உயிர் வராமல் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதில் என் தப்பு எவ்வளவு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது கம்பெனி. லாரிக்கு வேண்டிய தகடுகளைப் பிரஸ் மெஷினில் அடித்து அனுப்புவார்கள். நான் ஆபீசில் பெருக்குவது, துடைப்பது, டீ கொடுப்பது. அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. திரையும் மெஷினும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். விசைப்பலகை மட்டும் தனி. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு எதுவும் கிடையாது. திரையில் எழுத்து வந்தால் ஓடுகிறது, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதைப் பொருத்த வந்தவர்கள் எர்த் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, நடுவில் ஒரு குழாயை இறக்கினார். அங்கிருந்து ஒரு கம்பி ஆபீசுக்கு வந்தது. மண் காயாமல் தினமும் இரண்டு குடம் ஊற்றுவது என் வேலை என்று மேனேஜர் சொன்னார்.

"மண்ணுல ஊத்துற தண்ணி கம்ப்யூட்டருக்கு எப்படிப்பா போவும்?" என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை கேட்டேன்.

"தண்ணி போவாதுக்கா. கரண்டு வழி தப்பிச்சின்னா மண்ணுக்குள்ள ஓடிப்பூடணும். மண்ணு ஈரமா இருந்தாதான் அத்த இஸ்துக்கும்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். புரியவில்லை.

குழிக்குப் பக்கத்தில்தான் பிரஸ் ஆட்கள் பீடி பிடிப்பார்கள். எலக்ட்ரீஷியனும் அவர்களோடு இருப்பார். நான் இடுப்பில் குடத்தோடு வருவதைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்கள்.

"இன்னாக்கா, செடி மொளச்சிதா?"

"கம்ப்யூட்டர் காச்சா எங்களுக்கும் ஒண்ணு பறிச்சிக் குடுக்கா."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிடும். கம்ப்யூட்டர் உயிர் வராமல் போன அந்த வாரம் திங்கட்கிழமை அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பாதி வழியில் திரும்பி, இரண்டு குடத்தையும் கேட் பக்கம் இருந்த குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டேன். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

புதன்கிழமை சாயங்காலம் டைப்பிஸ்ட் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அதுவும் எங்கள் ஊர்ப் பெண்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத. பர்மனென்ட் லிஸ்ட்டு கம்ப்யூட்டர்ல அடிச்சிகினு கீறேன். மொத்தம் அஞ்சு பேரு, அஞ்சாவது உன்னுதுக்கா. சனிக்கெழம ஹெட் ஆபீசுக்குப் போவுது."

ஆறு வருஷமாகத் தினக்கூலி. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஐந்தாவது, ஐந்தாவது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வியாழன் காலையில் வழக்கம்போல் துடைத்தேன். முந்தின நாள் லாரி வந்து போனதில் செம்மண் தூசி அதிகம். திரையின் அடி விளிம்பில் துணியை விரலால் அழுத்தி அழுத்தி எடுத்தேன். ஒன்பது மணிக்கு டைப்பிஸ்ட் சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டாள். அப்போதும் கறுப்பு.

எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்போடு வந்தார். பிளக்கில் கரண்ட் இருந்தது. ஸ்டெபிலைசர் முள்ளும் சரியான இடத்தில் நின்றது. பக்கத்து ஷெட்டில் பிரஸ் இடித்துக்கொண்டே இருந்ததால் எல்லோரும் கத்தித்தான் பேசினோம். மேனேஜர் சென்னைக்கு, கம்ப்யூட்டர் பொருத்தியவர்களுக்கு, போன் போட்டார். இன்ஜினியர் மறுநாள்தான் வர முடியும், அதுவரை எர்த்தைப் பாருங்கள் என்றார்களாம்.

மேனேஜர் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "நீ போட்ட எர்த்துதானே? லிஸ்ட் உள்ள மாட்டிக்கிச்சு. சனிக்கிழமை போகலன்னா இனிமே அடுத்த வருஷம்தான். மெமோ தரப் போறேன் உனக்கு."

"சார், குழி சூப்பரா கீது சார். டெய்லி தண்ணி ஊத்துது அக்கா."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஊத்துறியா?"

"ஊத்துறேன் சார்" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் பிரஸ் நின்றது. ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். டைப்பிஸ்ட் சுவிட்சை அணைக்காமல் போயிருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் மெல்லிசாக 'ங்' என்று ஓர் இரைச்சல். மேலே கையை வைத்தேன். இளஞ்சூடு. செத்துப்போன மெஷின் இரையுமா? சூடாக இருக்குமா? யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் என் மனசில் ஓடியதே வேறு. தண்ணீர் இல்லாமல் உள்ளுக்குள் காய்கிறது, நான்தான் காயவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு குடம் ஊற்றினேன்.

"இன்னாக்கா, இன்னிக்கி அபிஷேகமா?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் மட்டும் சிரிக்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊற்ற ஊற்றத் தண்ணீர் நிற்காமல் இறங்கியது. எழுந்து பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "டெய்லி ஊத்துன குழி இப்டி குடிக்காதுக்கா."

நான் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மேனேஜரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆபீசுக்குத் திரும்பி ஆசையோடு சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கறுப்புதான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் மேசையைத் துடைக்கும்போது மெமோவைப் பார்த்தேன். கையால் எழுதி, எலக்ட்ரீஷியன் பெயர் போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. மேனேஜர் உள்ளே வந்ததும் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. துடைக்கிற துணியைப் பிசைந்துகொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது.

"அவர் மேல தப்பு இல்ல சார். மூணு நாளா நான் ஊத்தல."

"ஏன்?"

ஏன் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. சிரிக்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று ஒரு மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? அவர் மெமோவை மடித்து டிராயருக்குள் போட்டார்.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் வந்தார். ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பரப்பி வைத்தார். அதில் எதையும் எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டு, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு திரையின் அடி விளிம்புக்குள் கட்டைவிரலை விட்டு எதையோ உருட்டினார். கறுப்பிலிருந்து எழுத்துகள் மெல்ல மேலே வந்தன.

"வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்கிற சக்கரம் சார். யாரோ முழுசா கொறைச்சிட்டாங்க. மெஷின் நேத்துலேர்ந்து ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கு."

"அப்ப எர்த்து?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"எர்த்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"கேட்டியா சார்! என் குழி சூப்பரு!" என்றார் எலக்ட்ரீஷியன். டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்து, "உன் தண்ணிய திருப்பி வாங்கிக்கோக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"யார் தொட்டது அதை?" என்று மேனேஜர் கேட்டார். நான் தொடவில்லை என்றாள் டைப்பிஸ்ட். எலக்ட்ரீஷியன் கையை விரித்தார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. இன்ஜினியர் விரல் விட்ட அதே இடத்தில்தான் என் துணியும் தினமும் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் வரை வந்தது. ஒரே நாளில் இரண்டு தப்பைச் சொல்ல தைரியம் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு மேனேஜர் சொன்னார்: "குழி காஞ்சதுல ஒண்ணும் ஆகலம்மா. ஆனா நேத்து எல்லார் முன்னாடியும் ஊத்துறேன்னு சொன்னியே."

காலையில் நான் உண்மையைச் சொன்னதால் ஒருவர் மெமோவிலிருந்து தப்பினார். இன்னும் இரண்டு மணி நேரம் சொல்லாமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்பார்.

மறுநாள் சனிக்கிழமை லிஸ்ட் ஹெட் ஆபீசுக்குப் போனது. அதில் நாலு பெயர்தான் இருந்தது. நான் குழிக்கு இரண்டு குடம் ஊற்றினேன். திரையின் அடி விளிம்பைத் துடைக்கவில்லை.