படலை திறந்த வீடு

“உங்கட ஊரில கள்ளரே இல்லையோ?” என்று தெத்தித் தெத்தி இங்கிலிஷில் கேட்டபடி முதலாளியம்மா நான் தீட்டிய ஆறு படங்களையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். ஆறிலும் வீட்டு வாசற்படலை ஆவென்று திறந்து கிடந்தது. எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்னறையில் பல்கேரியக் கிராமத்து வீடுகளை எண்ணெய் வர்ணத்தில் தீட்டி விற்பதுதான் எங்கள் தொழில். முதலாளியம்மா பல்கேரியாக்காரி. அவரைப்போல ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் மாட்ட வாங்கிப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் சித்திர ரீச்சராக இருந்த எனக்கு அந்த நாடு எந்த மூலையில் இருக்கிறதென்றும் தெரியாது. கை மட்டும் பழகிவிட்டது. கீழே கல்லுச்சுவர், அதற்குமேல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் வெள்ளை மாடி, மர யன்னல், பழக்குலை தொங்கும் முந்திரிகைக் கொடி, பின்னால் மலை. சுற்றிவர உயர்ந்த மதில், அதில் பெரிய மரப்படலை. அவர் தந்த மாதிரிப் படத்தில் அந்தப் படலை இறுக்கச் சாத்தியிருக்கும்.

நான் வேணுமென்று செய்யவில்லை. அந்த நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் ஆமிக் காம்பில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்த என்ர மனிசன், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கொழும்பிலிருந்து கனடாவுக்கு வெளிக்கிட்டு ஐந்து கிழமை. ஒரு தகவலும் இல்லை. டோர்செட் பார்க் அபார்ட்மென்டில் இருந்தால் ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேலையில் இருந்தால் அது அங்கே அடிக்கிறதோ என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாதிரிப் படத்தில் விழுவது பின்னேர வெளிச்சம். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலைச் சாத்தக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அதுவும் வீட்டுக்காரன் வழியில் நிற்கும்போது சாத்துவேனா?

“எல்லாத்தையும் சாத்து” என்றார் முதலாளியம்மா. ஐந்தைச் சாத்தினேன். ஆறாவதில் கை ஓடவில்லை.

“இதை மட்டும் ஏலாது. என்ர மனிசன் இன்னும் வந்து சேரேல்லை.” சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வெளிக்கிட என் குளிர்க்கோட்டையும் எடுத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. “நான் என்ர வீட்டுப் படலையை வெளியில நிண்டு சாத்திப்போட்டு வந்தனான். உள்ளுக்க என்னைப் போட்டு அடிக்கிறவன் படுத்திருந்தான். அது சாத்திக் கிடந்தால்தான் எனக்கு மூச்சு வரும்” என்றார். பிறகு படத்தை என் கையில் திணித்தார். “உது உனக்கு. இஞ்ச வைக்காதை.”

பாவம், புருஷன் சரியில்லாத மனிசி என்று மட்டும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு மொக்கு நான்.

என்ர மனிசன் வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வந்தார். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல! வந்த அன்றே கதவைப் பூட்டி, சங்கிலி போட்டு, கதிரையையும் இழுத்து முட்டுக் கொடுத்தார். லிஃப்ட் திறக்கும் சத்தத்துக்கே எழும்பி நின்றார். விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறக்கப் போன என் கையை எட்டிப் பிடித்தார். சோபாவுக்கு மேலே நான் ஆசையாக மாட்டியிருந்த படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுவார். மூன்றாம் கிழமை, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “கோவிக்காதையும். அந்தப் படலையையும் ஒருக்காச் சாத்திவிடும்.”

மறுநாள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முதலாளியம்மா படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மண்ணிற வர்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்.

இப்போது மில்லிக்கனில் சொந்த வீடு. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். கதவடியில் போய் நின்றுவிட்டுத் திறக்காமல் திரும்பி வருவேன். படலை சாத்திய படத்துக்குக் கீழே என்ர மனிசன் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.