பந்தலைக் கழற்ற வந்தவர்கள்

எங்கள் தண்ணீர்ப் பந்தலின் இரும்புக் கம்பங்களுக்கு வண்ணம் அடித்தவள் நான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பந்தலைப் போடுவோம். எந்தக் கம்பம் எதோடு சேரும் என்று தெரியாமல் ஆண்கள் அரை நாள் சண்டை போடுவார்கள். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் வரிசையாகக் கிடத்தி, சேர வேண்டிய முனைகளுக்கு ஒரே வண்ணத்தில் பட்டை போட்டேன். சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள். தொலைந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கம்பத்திலும் பந்தலின் பெயரையும் எழுதினேன். பிறகு போடுவதும் கழற்றுவதும் சுலபமாகிவிட்டது.

பந்தலின் தலைவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுத்து வந்ததும், காரியங்களை முன்னின்று நடத்தியதும் அவர்தான். அவர் சொல்லை நான் இரண்டாவது முறை யோசித்ததில்லை.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அதை வெட்டி வீடு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி வாங்கியது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அந்தச் சரிவிலிருந்து மண் இறங்கி, கீழே நிறுத்தியிருந்த கார்களைப் பாதி மூடியிருந்தது. மரங்கள் இருக்கும்போதே இப்படியென்றால் வெட்டிய பிறகு என்ன ஆகும் என்று குடியிருப்பாளர்கள் பயந்தோம். வழக்குப் போட்டோம். இடைக்காலத் தடை கேட்ட மனு ஒரு திங்கட்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதுவரை மரங்கள் நிற்க வேண்டும். இயந்திரங்கள் மேலே ஏற ஒரே ஒரு மண்பாதைதான். அதன் வாயை அடைத்து நாங்கள் முகாம் போட்டோம்.

கூரைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது அண்ணனிடம் கேட்டேன்.

"எடுத்துக்க தங்கச்சி. சும்மா ஸ்டோர்ல துருப்பிடிச்சிக்கிட்டுத்தானே கிடக்கு," என்றார். அவரே லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்று போட்டுக் கொடுத்தார். நீலத் தார்ப்பாய் விரிந்ததும், "மலைக்கும் ஒரு பந்தல் லா!" என்று சிரித்தார்.

அடுத்த நாளே போலீஸ் வந்தது. இது சாலைக்காக ஒதுக்கிய நிலம், காலி செய்யுங்கள் என்றார்கள். நாங்கள் விசாரணைத் தேதியைச் சொன்னோம். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு ஒரு போலீஸ் கார் எதிரே நின்றபடியே இருந்தது, இன்ஜினை அணைக்காமல், ஏர்கோனுக்காக. முகாமை நடத்திய சீன அம்மா எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருப்பவர், ஓய்வு பெற்ற தாதி. அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் மலாயில் முணுமுணுப்பார்: "அந்த எண்ணெய் உன் காசு, என் காசு. நம்மைக் காவல் காக்க நாமே கட்டுகிறோம்."

காரில் இருந்த தமிழ்ப் பெண் கார்ப்பரல் சில சமயம் கண்ணாடியை இறக்கிப் பேசுவாள். ஒரு நாள் கம்பத்தில் இருந்த எழுத்தைப் படித்து, "அக்கா, இது தண்ணீர்மலை பந்தல் ஆளுங்களோடதா? நாங்க சின்னப் பிள்ளைல அங்கதான் மோர் குடிப்போம்," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம் என்று சொல்லி, யார் தலைவர் என்பதையும் சொன்னேன்.

விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் போன் செய்தார்.

"நாளைக்குக் காலைல எத்தன பேரு இருப்பீங்க?"

முகாமின் முறைப் பட்டியலைப் போட்டவள் நான். எனக்கு அது தலைகீழாகத் தெரியும். ராத்திரி ஆட்கள் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள், சனிக்கிழமை என்பதால் பகல் ஆட்கள் பாசாரில் காய்கறி வாங்கி முடித்துத்தான் வருவார்கள், இடையில் நானும் அந்தச் சீன அம்மாவும் இரண்டாம் மாடிப் பெரியவரும் மட்டும்தான் என்றேன்.

"மூணே பேருதானா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நம்ம பசங்களோட வரேன்."

துணைக்கு ஆள் கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். சீன அம்மாவிடம் சொன்னேன். அவரும் கையைக் கூப்பினார்.

காலையில் அதே லோரி வந்தது. அண்ணனும் பந்தல் ஆட்கள் ஆறு பேரும் இறங்கினார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள், தைப்பூசத்தன்று என் பக்கத்தில் நின்று மோர் ஊற்றியவர்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் போட்டேன். நின்றபடி குடித்தார்கள். அன்றைக்கு யாரும் கிண்டல் பேசவில்லை. அதை நான் கவனித்தேன், தூக்கம் போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். கோப்பைகளை வாளியில் போட்டுவிட்டு ஒருவர் ஏணியை எடுத்தார். இன்னொருவர் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார்.

"மழத்தண்ணி தேங்குதா? இறுக்கிக் கட்டணுமா?" என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "சாமான நாங்க எடுத்துக்கிறோம் தங்கச்சி. போலீஸ் பாலாய்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இது இங்க நின்னா இந்த வருஷம் பந்தலுக்கு பெர்மிட் இல்லையாம்."

"திங்கட்கிழமைதாண்ணே கோர்ட்டு. ரெண்டு நாள்."

"அவங்க வந்து பிடுங்கினா அடிதடி ஆயிரும். நாம கழட்டுனா யாருக்கும் காயம் இல்ல. யோசிச்சுப் பாரு லா."

சிவப்பு முனையிலிருந்து சிவப்பு பிரிந்தது, மஞ்சளிலிருந்து மஞ்சள். யாரும் யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அடுப்பில் மிச்சத் தேநீர் கொதித்து வற்றுவதற்குள் எங்கள் தலைக்கு மேலே வானம் வந்துவிட்டது. சீன அம்மா ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அண்ணன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல்தான், எடுத்துவிட்டார். அந்த அம்மா என் முகத்தைத்தான் பார்த்தார், அண்ணனை அல்ல. "உன் ஆட்கள்," என்றார் மலாயில். அவ்வளவுதான்.

கடைசிக் கம்பம் லோரியில் ஏறியதும் வளைவிலிருந்து போலீஸ் வண்டிகள் வந்தன. லோரிகள், ஒரு பஸ், தண்ணீர் பீய்ச்சும் வண்டி, ஓர் ஆம்புலன்ஸ், நாய்கள் உள்ள ஒரு வேன். கேடயம் பிடித்த ஆட்கள் இறங்கி வரிசை கட்டி, பெரியவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை நோக்கி வந்தார்கள். அவர் எழுந்து அதை மடக்கப் பார்த்தார். அது மடக்கும் நாற்காலி இல்லை. யாரோ ஒருவன் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

கார்ப்பரல் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மன்னிச்சிருங்கக்கா."

"மூணு பேருக்கா இவ்வளவு வண்டி?"

"மூணு பேருதான்னு அந்த அண்ணன் நேத்து ராத்திரிதான் சொன்னாரு. ஆர்டர் அதுக்கு முந்தியே போயிருச்சி. பாதிப் பேரு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்ல இருந்து வந்தவங்க. திருப்பி அனுப்ப முடியல."

நேற்று ராத்திரி. நான் போனில் சொன்ன கணக்கு எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதிகாரி ஒருவர் பந்தல் லோரியின் ஜன்னல் வழியாக அண்ணனுக்குக் கை கொடுத்தார்.

எங்களை யாரும் அடிக்கவில்லை. கையைப் பிடித்துச் சாலையின் மறுபக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நண்பகலுக்கு முன்பே இயந்திரங்கள் ஏறின. வந்த போலீஸ்காரர்களுக்கு வேறு வேலை இல்லாததால் நடைபாதையில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மரங்கள் விழுகிற சத்தம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேட்டது. திங்கட்கிழமை எங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்து, தடுப்பதற்கு அங்கே ஒன்றும் மீதி இல்லை என்றார்.

சில வாரங்கள் கழித்து, அந்தக் காலைக்கு எவ்வளவு பொதுப்பணம் செலவானது என்ற பேச்சு பத்திரிகையில் வந்தது. ஓவர்டைம் படி, வண்டிகள், சாப்பாடு என்று நீண்டது. தொழிற்சாலைக் கேன்டீனில் என்னோடு சாப்பிடுகிறவள், "உங்க கூட்டத்தால நம்ம வரி எவ்வளவு போச்சு பாத்தியா?" என்றாள். எதிரில் நின்ற போலீஸ் காரையும் அது எரித்த எண்ணெயையும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். பெர்மிட் கிடைத்துவிட்டதாம், பந்தல் வேலைக்கு என்னைக் கூப்பிட வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "நாம கழட்டாம விட்டிருந்தா செலவு இன்னும் எகிறியிருக்கும் தங்கச்சி. ஆளும் அடிபட்டிருக்கும். அத யாரும் பேச மாட்டேங்கிறாங்க," என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"முந்தின நாளே சொல்லியிருக்கலாம்ல? அதெல்லாம் விடுங்க. அன்னைக்கு நான் போட்ட தேத்தண்ணிய ஏண்ணே குடிச்சீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ ஆசையா குடுத்த. எப்படி வேணாங்கிறது?"

அன்று இரவு, தினமும் எழுதுகிற நாட்குறிப்பில் மழை பெய்ததை மட்டும் எழுதினேன்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பந்தல் வேலைக்குப் போகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். எங்கள் பந்தல் வழக்கமான இடத்திலேயே நின்றது, வாழைமரம், சீரியல் விளக்கு எல்லாம் இருந்தன. என்னைக் கண்டதும் அண்ணன் ஒரு டம்ளர் மோரோடு சாலைக்கே இறங்கி வந்தார். சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள். பந்தலில் நீட்டும் டம்ளரை யாரும் மறுப்பதில்லை.

"வேணாண்ணே," என்றேன்.

அவர் கை நீட்டியபடியே இருந்தது. அவருக்குப் பின்னால் வலது மூலையில் சிவப்பு முனையை மஞ்சளில் செருகியிருந்தார்கள். தார்ப்பாய் அந்தப் பக்கம் தொய்ந்து, காலையில் பெய்த மழை அதில் தேங்கி நின்றது. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நானே ஏணி கேட்டிருப்பேன். இந்த முறை நடந்தேன். தாகமாக இருந்தது. அடுத்த பந்தலில் தெரியாத ஒருவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.